ளுஹருக்குப் பிறகு

கொடித்தோடை காலையில் பூக்காது.
ளுஹர் தொழுது
நான் பாயைச் சுருட்டி வைக்கும்போதுதான்
ஒவ்வொன்றாய் வாய் திறக்கும்.
மஃரிபுக்குள் மூடிவிடும்.
பிறகு அந்தப் பூ திறப்பதேயில்லை.

அதற்கிடையில் வண்டு வர வேண்டும்.
கட்டைவிரல் பருமன், கரிநிறம்,
மேட்டில் லொறி ஏறுகிற சத்தம்,
முதுகு நிறைய மஞ்சள் மா.
அதற்கு வீடு எங்கள் வேலிக் கப்புகள்.
உளுத்த காட்டுத்தடியில்
துறப்பணம் போட்டது போல் வட்ட வாசல்,
வாசலுக்குக் கீழே மரத்தூள்.

அந்த வேலியைத்தான் பிடுங்கினோம்.
உம்மாவின் நாற்பது பேர்ச் வளவை
எனக்கும் சல்ஹா ராத்தாவுக்கும் பிரித்தபோது
கப்பு ஒரு முழம் உள்ளே நிற்குது என்றார் மச்சான்.
வெளியே நிற்குது என்றார் என்ர அவர்.
நில அளவையாளர் வந்தார்,
நாடா பிடித்தார், தேத்தண்ணி குடித்தார்,
இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கோடொன்றைப்
போட்டுவிட்டுப் போனார்.
கொங்கிறீட் தூண். முள்ளுக்கம்பி. ஆளுயரத் தகரம்.

பழைய கப்புகளை விறகுக்குப் பாதிப்பாதி எடுத்தோம்.
அதில் மட்டும் சண்டை வரவில்லை.
என் பங்கில் ஒரு கந்தூரிச் சோறு வெந்தது.
எரியும்போது ஒரு தடிக்குள்ளிருந்து
ஏதோ இரைந்தது.
ஈர விறகென்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் பந்தல் நிறையப் பூ.
காய் ஏழு.
விவசாயப் போதனாசிரியர் தயாநிதி
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்தார்.
"வண்டில்ல. இனி நீங்கதான் வண்டு.
ஆனா இந்தக் கொடி தன்ர மாவைத் தான் ஏற்காது.
வேற கொடியில எடுக்கணும்.
பக்கத்தில எங்கயும் இருக்கா?"
இருக்கு என்றேன்,
தகரத்தைப் பார்க்காமல்.

இரண்டு மணிக்கு
ராத்தா தையல் மெஷினில் இருப்பாள்.
சத்தம் கேட்கும்.
மூன்றாம் தூணுக்கும் நாலாம் தூணுக்கும் நடுவே
தகரம் நெளிந்திருக்கிறது,
யார் நெளித்ததென்று தெரியாது.
வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விடுவேன்.
காணாத பூவை விரல் தேடும்.
ஐந்து பை. தடவினால் பிசுபிசுவென்று வரும்.
மகனுடைய பெயின்ட் பிரஷ்ஷாலும் முயன்றேன்,
விரல்தான் நல்லது.

இந்தப் பக்கம் வந்து
மூன்று முடியும் தலை குனிந்த பூவாய்ப் பார்த்து
மெல்ல ஒற்ற வேண்டும்.
குனியாத பூவைத் தொட்டுப் பயனில்லை.
ஒற்றிய கையோடு மழை பெய்தால் எல்லாம் வீண்.
ஒரு நாளைக்கு அறுபது பூ.
பிடரி கடுக்கும்.

சில நாள் மெஷின் திடீரென்று நிற்கும்.
நானும் நிற்பேன்,
கை அந்தப் பக்கம், உடம்பு இந்தப் பக்கம்.
பிறகு மெஷின் ஓடும்.

இது களவா என்று
மௌலவியிடம் நான் கேட்கவில்லை.
வண்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த முறை முந்நூற்றுச் சொச்சம் காய்.
கல்முனை ஜூஸ் கடைக்காரர் வந்து
கண்ணாலேயே எண்ணிவிட்டுப் போனார்.
ஒன்றுதான் விளங்கவில்லை.
மகனை ஓதப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற நாட்களில்
என் பூக்களின் பைகள்
வழித்துத் துடைத்தாற்போல் கிடக்கும்.
எறும்பாக்கும் என்று விட்டேன்.

போன சனி, சாச்சி மகளின் கலியாணம்.
நிந்தவூரில் யாருக்கு யாரோடு பேச்சில்லையென்று
பந்திக்கு இருத்துகிறவர்களுக்குத் தெரியாதா?
தெரிந்தே இருத்தினார்கள்.
ஒரே சஹன், ஆறு கைகள்,
எனக்கு நேரே ராத்தாவின் கை.
கழுவிய பிறகும்
ஆட்காட்டி விரலின் நகக்கண் முழுக்க மஞ்சள்.

"என்னடி, மருதோன்றி பிடிக்கல்லியா?"
மைனி ஒருத்தி சிரித்தாள்.
"மஞ்சள் அரைச்சன்" என்றாள் ராத்தா.

என் விரலைச் சோற்றுக்குள்
ஆழமாய்ப் புதைத்தேன்.
அவள் இறைச்சித் துண்டொன்றை
என் பக்கமாய்த் தள்ளிவிட்டு
வேறெங்கோ பார்த்தாள்.